எங்கள் தெருவுக்கு வராத நீலக்கோடு

மண்ணூர்பேட்டையில் எங்கள் தெருவில் எட்டுப் பட்டறைகள். எட்டிலும் ஓவன் உண்டு. இரும்புத் தகட்டில் இருக்கிற துருவையும் எண்ணெயையும் கழுவிக் காயவைத்து, கொக்கியில் மாட்டி, அதன் மேல் வண்ணப் பொடியைத் தெளித்து, ஓவனுக்குள் தள்ளிச் சுட்டெடுப்பதுதான் எங்கள் தொழில். பவுடர் கோட்டிங் என்போம். உங்கள் வீட்டு பீரோவிலோ பஸ்ஸில் பிடித்து நிற்கிற கம்பியிலோ பளபளப்பது நாங்கள் சுட்ட பொடியாகக்கூட இருக்கலாம். பதினேழு வருஷமாக இந்தப் பட்டறையை நான்தான் நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். வாசலில் வந்து நின்று "ஓனர் சார் இல்லீங்களா?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். "அவர் டிரைவர். ஓனர் நான்தான், சொல்லுங்க" என்பேன்.

எங்கள் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரும் தன் அளவை உள்ளபடி சொல்ல மாட்டோம். டீக்கடையில் ஒருத்தர் "எப்டி போவுது?" என்று கேட்டால், "ஏதோ ஓடினுகீது" என்பதுதான் பதில். அன்றைக்கு மூன்று லோடு தேங்கிக் கிடந்தாலும் அதே பதில்தான். நிறைய வேலை இருக்கிறது என்று தெரிந்தால் எதிர்ப்பட்டறைக்காரர் நம் கஸ்டமரைத் தேடிப் போவார். பொடி விற்கிறவன் விலையை ஏற்றுவான். ஏதாவது ஒரு ஆபீஸிலிருந்து ஏதாவது ஒரு அதிகாரி வந்து நிற்பார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள். இதில் மற்றவர்களுக்கு நான் இளைத்தவள் இல்லை. டீசல் பேரல்களைப் பின்பக்க வழியாக இறக்கச் சொல்லுவேன். எத்தனை பேரல் என்று பக்கத்து ஷெட்டுக்குக்கூடத் தெரியக் கூடாது.

இப்படியிருக்கும்போதுதான் எஸ்டேட் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். வடக்கே கடலோரத்தில் எரிவாயுவுக்குப் புதிதாக ஒரு முனையம் கட்டப் போவதாகவும், அதைப் பற்றிச் சொல்லப் போவதாகவும் நோட்டீஸ் வந்தது. போனேன். குளிரவைத்துத் திரவமாக்கிய வாயுவைக் கப்பலில் கொண்டுவருவார்களாம், முனையத்தில் அதை மறுபடியும் வாயுவாக்கிக் குழாயில் மேற்கே அனுப்புவார்களாம். திரையில் ஒரு கப்பல் படம் ரொம்ப நேரம் நின்றது. வட்டாரத்துக்கே வளர்ச்சி, வேலைவாய்ப்பு, சிறுதொழிலுக்குப் புத்துயிர் என்று கோட்டு போட்ட ஒருவர் பேசிக்கொண்டே போனார். பாதிப் பேர் சமோசாவில் கண்ணாக இருந்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன். எனக்கு வேறு வழி இல்லை.

ஏனென்றால், பூந்தமல்லிப் பக்கத்தில் எனக்கு ஒரு பெரிய கஸ்டமர். ஏசியின் வெளிப்பெட்டி செய்கிறவர்கள். பெட்டியைச் சுவரில் தாங்குகிற கறுப்புக் கம்பிகளை நான்தான் பல வருஷமாகக் கோட் செய்து தருகிறேன். பெட்டியின் வெள்ளைத் தகட்டையும் வெளியே தரப் போகிறோம் என்று அந்த மாதம்தான் சொல்லியிருந்தார்கள். பெரிய வேலை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். டீசல் பர்னரில் சூடு ஏறி இறங்குகிறது, புகை படிந்து வெள்ளை மஞ்சளடிக்கிறது. குழாய் வாயுவில் ஓடுகிற ஓவனுக்குத்தான் வெள்ளை. அது முடியாது என்றால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி அவர்கள் கட்டுகிற புது வளாகத்துக்கு நான் இடம்மாற வேண்டும். அங்கே குழாய் ஏற்கெனவே வந்தாயிற்று. இரண்டும் இல்லை என்றால், ஒன்றரை வருஷத்தில் கறுப்பும் கைவிட்டுப் போகும்.

இடம்மாறினால் என்ன என்று என் தம்பி கேட்டான். ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்கிறவன், அவனுக்கு எல்லாம் சுலபம். என்னிடம் கொக்கி மாட்டுகிற பெண்கள் பதினோரு பேர். எல்லாரும் மண்ணூர்பேட்டையிலேயே இருப்பவர்கள், நடந்தே வந்துவிடுவார்கள். மத்தியானம் மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி, தண்ணீர் பிடித்து வைத்து, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பி வந்து நிற்பார்கள். அப்படித்தான் பதினோரு வீட்டில் சம்பளம் வருகிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு அவர்களில் ஒருத்தியாலும் வர முடியாது. அவர்கள் இல்லாமல் எனக்குப் பட்டறை இல்லை. ஒரு தகட்டின் எந்த ஓட்டையில் எந்தக் கொக்கி போட்டால் பொடி சமமாக உட்காரும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். அதை எந்தப் புத்தகத்தில் போய்ப் படிப்பது.

அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒருத்தி இருந்தாள். ஊரின் பழைய குடும்பம். எஸ்டேட் வருவதற்கு முன் அவள் மாமனார் வீட்டுக்கு இங்கே நிலம் இருந்ததாம். "வயலப் பத்தி எங்கூட்ல இன்னிக்கும் பேசிகினே கீறாங்க யக்கா. எனக்கு இன்னா, ஒண்ணாந்தேதி கைல சம்பளம் வந்தா போதும்" என்பாள். அவள் கை பட்ட கொக்கி அசையாது. பேச்சும் அப்படித்தான், யார் முன்னாலும் தடுமாறாது.

கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன். "சார், வட்டாரமெல்லாம் இருக்கட்டும். குழாய் எங்க தெருவுக்குள்ள வருமா, வராதா?"

"தேவை இருக்கிற எல்லாத் தெருவுக்கும் வரும்மா" என்றார் கோட்டுக்காரர்.

எனக்குத் தேவை இருக்கிறது. அதனால் வரும். இப்படி முடிவு கட்டிக்கொண்டு நிம்மதியாக இரண்டு சமோசா சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த மாதமே கணக்கெடுப்புக்கு ஒரு பெண் வந்தாள். எஞ்சினியர். ஊர் விருதுநகர்ப் பக்கம், ஆவடியில் ஃபிளாட்டில் இருப்பதாகச் சொன்னாள். தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் டேப்லெட். "மேடம், ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் டீசல் எரிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

என் வாய்க்கு யோசிக்கவே தெரியவில்லை. "நாப்பது லிட்டர் ஆவும்" என்றது. உண்மையில் நூற்றிருபது. இரண்டாவது ஓவனை அவள் கண்ணில் படாமல் என் வீட்டுக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி மறைத்தார். நான் சொல்லக்கூட இல்லை, அவருக்கே அது பழக்கம். அதோடு விட்டேனா. அவள் அடுத்த ஷெட்டுக்குப் போவதற்குள் வாட்ஸப்பில் தெருவுக்கே ஒரு சேதி அனுப்பினேன். "கணக்கெடுக்க வராங்க, பார்த்துச் சொல்லுங்க." பார்த்துச் சொல்லுங்க என்றால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் அர்த்தம் தெரியும். ஏழு பேரில் ஆறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

குழாய் போகிற வழிக்கான வரைபடம் மழை ஆரம்பிக்கிற சமயத்தில் வந்தது. எஸ்டேட் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பிரதான சாலையில் ஒரு நீலக்கோடு வந்தது. பிஸ்கட் கம்பெனி இருக்கிற தெருவுக்குள் திரும்பியது. கண்ணாடி வேலை நடக்கிற தெருவுக்குள் திரும்பியது. எங்கள் தெருமுனைக்கு வந்தது, ஒரு நொடிகூட நிற்காமல் நேராகப் போய்விட்டது. நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

நேராக எஞ்சினியர் பெண்ணுக்குப் போன் போட்டேன். சண்டை போடத்தான் போட்டேன். "எட்டுப் பட்டறை இருக்கிற தெரு கண்ணுக்குத் தெரியலியா?" என்று ஆரம்பித்தேன்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். "மேடம், தெருவுக்கு இவ்வளவு தேவை இருந்தாத்தான் குழாய் பதிக்க முடியும்னு ஒரு அளவு இருக்கு. உங்க எட்டுப் பேரும் சொன்னதைக் கூட்டிப் பார்த்தா அந்தத் தெருமுனை பேக்கரி எரிக்கிறதுகூட வரலை. நீங்க எல்லாம் எப்படித்தான் தொழில் பண்ணுறீங்கன்னு எங்க ஆபீஸ்ல பரிதாபப்பட்டாங்க."

போனை வைத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தெருவுக்கே சேர்த்து வைத்தது நானாகத்தான் இருப்பேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் தட்டில் இருந்த கையை எடுக்காமலே சொன்னார். "இன்னா மே, ஊரையே ஏமாத்திகினு இருந்தோம், கடைசில நம்மளையே ஏமாத்திகினோமா?" எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கொக்கி மாட்டுகிற பெண்களின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வேலை செய்தார்கள். அவர்களுக்கு இன்னும் தெரியாது.

ஐந்தாம் நாள் மறுபடியும் போன் போட்டேன். இந்தத் தடவை சண்டை போடவில்லை. "நாங்க பொய் சொல்லிட்டோம்மா. இப்போ என்ன பண்ணலாம்?"

அந்தப் பெண் சிரித்தாள். இரண்டாம் கட்ட வரைபடம் முடிவாக இன்னும் நான்கு மாதம் இருக்கிறது என்றாள். இனிமேல் வாய்ச்சொல் எடுபடாது. அவளே வந்து காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை டீசல் டேங்கில் அளவுகோலை விட்டுப் பார்ப்பாள். ஒரு வாரம் தொடர்ந்து பார்த்து, அந்த அளவு வந்தால் எங்கள் தெருவும் சேரும்.

பட்டறை பட்டறையாகப் போனேன். முதலில் என் அளவை நான் சொல்ல வேண்டும், அப்போதுதான் அவர்கள் வாயைத் திறப்பார்கள். நூற்றிருபது என்று சொல்லும்போது பொது இடத்தில் புடவைத் தலைப்பு நழுவியது மாதிரி கூசியது. பக்கத்து ஷெட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நூத்திருவதா? போன மாசம் கைமாத்து கேட்டியே, அது இன்னா?" என்றார். அதற்கும் பதில் சொல்லி, திட்டு வாங்கி, ஆறு பேரிடமும் உண்மையைப் பிடுங்கினேன். ஒருவர் எழுபது, ஒருவர் தொண்ணூறு, இப்படி. மனதுக்குள் கூட்டிக்கொண்டே நடந்தேன். எங்கள் ஏழு பேருடையதையும் சேர்த்தால் அளவுக்கு இன்னும் ஐம்பது லிட்டர் குறைந்தது. பரவாயில்லை என்று நினைத்தேன். எதிர்ப்பட்டறை பாக்கி இருக்கிறதே.

எதிர்ப்பட்டறைக்காரர் என்னைவிட ஒரு பத்து வயது மூத்தவர். ஒன்பது வருஷமாக எனக்கு நேர் எதிரே இருக்கிறார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், ஆனால் அவர் வாசலை ஒரு நாளும் மிதித்ததில்லை. அவர் ஷெட்டின் முன்பக்கம் எப்போதும் தகரக் கதவு மூடியிருக்கும். உள்ளே மூன்று ஓவன் ஓடுகிறது என்று தெருவில் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. எனக்கு நிச்சயம். அவரை மனதில் வைத்துத்தான் நான் ரேட்டைப் பல தடவை குறைத்திருக்கிறேன். அவர் என்ன அளவு சொல்லியிருந்தார் என்று எஞ்சினியர் பெண்ணிடம் கேட்டேன். இருபது லிட்டர். இருபதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலை பதினோரு மணிக்குத் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வாயில் கேள்வி தயாராக இருந்தது.

உள்ளே ஒரே ஓவன். அதுவும் எரியவில்லை. வேலைநாள், பதினோரு மணி, ஓவன் கதவு திறந்து கிடந்தது, உள்ளே இருட்டு. அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பொடி தெளிக்கிற பூத்தின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தரையில் ஒரு தூசி இல்லை. கழுவுகிற தொட்டிகள் ஏழும் வரிசையாக மூடி போட்டு இருந்தன.

"வாம்மா. இன்னா, அதிசயமா இந்தாண்ட?" என்றார்.

"அண்ணே, நெசமாவே இருபது லிட்டர்தானா?"

"அதுகூட இல்ல. வாரத்துல ரெண்டு நாள் பத்த வெக்கிறேன். அந்தப் பொண்ணு கேட்டப்போ பத்துகூட ஆவலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு, இருவதுன்னுட்டேன்."

தெருவில் எல்லாரும் குறைத்துச் சொல்லியிருந்தோம். ஒருத்தர் மட்டும் கூட்டிச் சொல்லியிருந்தார். நான் ரேட்டைக் குறைத்தது யாரைப் பார்த்துப் பயந்து? இந்த ஒற்றை ஓவனைப் பார்த்தா? நான் குறைத்ததில் அவர் கஸ்டமர்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்திருந்தார்கள். அதை அவர் சொல்லவில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன், நினைத்தபோது அவமானமாக இருந்தது.

அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஐம்பது லிட்டருக்கு எங்கே போவது? அங்கே நின்றபடியே யோசித்தேன். என் ஷெட்டில் வேலை தேங்கிக் கிடந்தது. முக்கியமாக வெள்ளை. பெரிய ஆர்டருக்கு முன்னோட்டமாக அந்த ஏசி கம்பெனி சின்னச் சின்ன லாட்டாக வெள்ளைத் தகடு அனுப்பிக்கொண்டிருந்தது. எனக்கு வெள்ளை என்றாலே எரிச்சல். கறுப்பு ஓடுகிற பூத்தில் வெள்ளை போட வேண்டுமென்றால் மூலை முடுக்கெல்லாம் காற்றடித்துத் துடைக்க வேண்டும். அரை நாள் வீண்.

"அண்ணே, என் வெள்ளை லோடு முழுக்க இங்க அனுப்புறேன். கொக்கி மாட்ட எங்க பொண்ணுங்களும் முறை வெச்சு வருவாங்க. தினம் ஓவன் எரியணும். உங்க ரேட்டே உங்களுக்கு. ஆனா கஸ்டமருக்கு அது என் பட்டறை வேலை. சம்மதமா?"

அவர் துணியை மடித்து வைத்தார். "நாளைக்கு உன் கஸ்டமர நானே புட்ச்சுகினா?"

"குழாய் வரலைன்னா பிடிக்கிறதுக்கு கஸ்டமரே இருக்க மாட்டாங்க. முதல்ல அது வரட்டும். அப்புறம் உங்க சாமர்த்தியம், என் சாமர்த்தியம்."

அவர் வெகுநேரம் சிரித்தார். ஒன்பது வருஷத்தில் அவர் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பெண்களிடம் அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழாய் வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கவில்லை. தலைவிதான் முதலில் பேசினாள். "அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா யக்கா? எல்லாத்தையும் மூடி மூடி வெச்சிகினு." அவளே ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு எதிர்ப்பட்டறைக்குப் போனாள்.

நான்கு மாதத்துக்குள் எஞ்சினியர் பெண் அளவுகோலோடு வந்தாள். ஒரு வாரம், காலையும் மாலையும். எட்டு ஷெட்டும் கதவைத் திறந்து வைத்திருந்தோம். என் இரண்டாவது ஓவனைப் பார்த்துவிட்டு அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அது அன்னிக்கு வண்டிக்குப் பின்னாடி இருந்துச்சு" என்று என் வீட்டுக்காரர் வழிந்தார். கடைசி நாள் மாலை எதிர்ப்பட்டறை டேங்கில்தான் முடிந்தது. அவள் டேப்லெட்டில் கூட்டிப் பார்த்துவிட்டு, "அளவு தாண்டிருச்சு மேடம். பதினாலு லிட்டர் அதிகமாவே இருக்கு" என்றாள். டீக்கடைக்காரர் அன்றைக்கு யாரிடமும் காசு வாங்கவில்லை. அவருக்கு எதற்குச் சந்தோஷம் என்று யாரும் கேட்கவில்லை. தெரு இருந்தால்தானே டீ.

தோண்டினார்கள். மூன்று மாதம் தெருவே சேறு. மெட்ரோ வேலையில் பூந்தமல்லிப் பக்கம் ஏற்கெனவே நொந்துபோயிருந்த என் வீட்டுக்காரர், "அங்கயும் தோண்டுறான், இங்கயும் தோண்டுறான், நான் வண்டிய தலைலயா தூக்கிகினு போவேன்?" என்று தினமும் புலம்பினார். முனையம் இன்னும் கட்டி முடியவில்லை. அதை நம்பி இந்தப் பக்கத்துக் குழாய்களை முன்கூட்டியே போட்டுவிட்டு, இப்போதைக்கு இருக்கிற பழைய இணைப்பிலிருந்து வாயு விட்டார்கள். கோட்டுக்காரர் காட்டிய கப்பல் எங்கே நிற்கிறதோ, எங்கள் தெருவில் பர்னர் எரிந்தது. புகை இல்லை, கண் எரிச்சல் இல்லை. பெண்களின் புடவையில் டீசல் நாற்றம் போயிற்று. ஓவனில் சூடு காட்டுகிற முள் வைத்த இடத்தில் நின்றது. நான் கையைக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளைக்கான பரீட்சை வந்தது. முப்பது தகடு. என் ஷெட்டில், என் ஓவனில், குழாய் வாயுவில் நானே பக்கத்தில் நின்று போட்டேன். பூத்தை இரண்டு நாள் கழுவச் சொன்னேன். தரம் பார்க்கிற அதிகாரி கம்பெனியிலிருந்து நேரில் வந்தார். என் தகடுகளை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சூடு சரியாக இருக்கிறது, மஞ்சள் இல்லை என்றார். பிறகு விரல் நுனியால் ஒரு இடத்தைத் தொட்டார். கடுகில் பாதி அளவுக்கு ஒரு கறும்புள்ளி. அடுத்த தகட்டில் இரண்டு. எத்தனை கழுவினாலும் பதினேழு வருஷக் கறுப்பு என் ஷெட்டின் கூரையில் இருக்கிறது, காற்றில் இருக்கிறது.

அவர் பைக்குள்ளிருந்து வேறொரு தகட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பால் மாதிரி இருந்தது. "இது போன மாசம் நீங்க அனுப்பின லாட். இதுல ஒரு புள்ளி இல்லையே. இதை யார் போட்டது?"

போன மாதத்தது. குழாய் வந்த பிறகு எதிர்ப்பட்டறையில் போட்டது.

"நாங்கதான் சார்" என்ற பதில் நாக்கில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் ஆர்டர் என்னுடையது. வேலையை எதிரே கொடுத்து வாங்கி அனுப்பிக்கொண்டே இருந்திருக்கலாம். அண்ணனும் வாயைத் திறந்திருக்க மாட்டார், அப்படித்தான் பேச்சு. ஆனால் என்னைச் சுற்றிப் பதினோரு பேரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். அந்தத் தகட்டை யார் மாட்டியது, யார் தெளித்தது என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மூடிக் கிடந்த தொட்டிக்கும் இருட்டு ஓவனுக்கும் நான் கொஞ்சம் கடன்பட்டிருந்தேன்.

"எதிர்ல, சார். வாங்க, காட்டுறேன்" என்றேன்.

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வெள்ளை மட்டுமே ஓடுகிற பூத், இத்தனை மாதமாக வெள்ளை மட்டுமே பார்த்த ஓவன், துடைத்த தரை. அதிகாரிக்கு வேறென்ன வேண்டும். வெள்ளை அண்ணனுக்குப் போயிற்று. கறுப்பு என்னிடமே இருக்கிறது, குறையவில்லை. ஆனாலும் வயிறு எரிந்தது. அன்று முழுக்க எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். வண்டியை வழியில் நிறுத்தியதற்கு வீட்டுக்காரரைப் பிடித்துக் கத்தினேன். குழாயைக் கொண்டுவந்தது நான், பழம் தின்பது இன்னொருத்தர் என்று எனக்குள் ஒரே பொருமல். மறுநாள் ஆற்றாமை கொஞ்சம் அடங்கியதும் வெள்ளைக்கென்று தனியாகப் பின்பக்கம் ஒரு ஷெட் போட ஆள் கூப்பிட்டேன். அடுத்த வருஷம் ஒப்பந்தம் மறுபடியும் வரும். வாங்கிக் காட்டுவேன். அதை அண்ணனிடமே சொல்லிவிட்டும் வந்தேன், ஒளிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் தலைவி வந்து நின்றாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் அப்படித் தயங்கி நான் பார்த்ததே இல்லை.

"யக்கா, எதிர்ல அண்ணன் கூப்புடுறாரு. வெள்ளைக்கு மேஸ்திரியா போட்டுத் தரேன்றாரு. சம்பளமும் கூட. இன்னும் நாலு பேர் வேணுமாம்."

அவள் போனால் என் கறுப்பு பாதி நாள் தடுமாறும். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். "பன்னெண்டு வருஷம் என்கிட்ட இருந்துட்டு?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நான் எங்க யக்கா போய்ட்டேன்? அதோ, ரோட்ட தாண்டினா அங்கதானே கீறேன். மத்தியானம் ஊட்டுக்கும் போவேன், சாயங்காலம் உன்னாண்டயும் வந்துட்டுப் போவேன். இதே தெருல நாங்க பொழைக்கணும்னுதானே நீ அவ்ளோ அலைஞ்ச?"

கண்ணில் நீர் வந்துவிட்டது, அதை அவள் பார்க்கக் கூடாது என்று ஓவன் முள்ளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"போ. இங்க கறுப்புல புரண்ட புடவையோட அங்க போய் நிக்காத. ஊட்டுக்குப் போய் வேற மாத்திகினு போ."